கங்கா குடித்த காலம்

சென்னை லஸ் நடைபாதையில் பழைய புத்தகம் துழாவும் பழக்கம் எனக்கு இன்னும் விட்டபாடில்லை. சில வருடங்களுக்கு முன் அங்கே, பைண்டு செய்த தொடர்கதை ஒன்று கிடைத்தது. வாராவாரம் தினமணி கதிரிலிருந்து கிழித்துச் சேர்த்து, நூல் போட்டுத் தைத்து, மேலே காலிகோ துணி ஒட்டியிருந்தார்கள். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. கடைசிப் பக்கங்களின் ஓரத்தில், மங்கிப்போன ஊதா மையில், யாரோ ‘குடிக்கிறாளா?!’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். பேனா அழுந்தியதில் தாள் சற்றுக் கிழிந்திருந்தது.

அந்த வாசகரின் திகைப்பு நியாயமானது. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் காரில் ஏற்றிச் சென்றவனிடம் கெட்டு வந்த பெண்ணின் தலையில் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அதற்கே ஊர் இரண்டுபட்டது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல். அதில் கங்கா என்று பெயர் பெறும் அந்தப் பெண், வருடங்கள் கழித்து அந்தக் கார்க்காரனைத் தேடிப் போகிறாள், அவன்தான் பிரபு என்று கண்டுபிடிக்கிறாள், பழகுகிறாள். முடிவில் அவன் போய்விடுகிறான். அவனுடைய குடி மட்டும் அவளிடம் தங்கிவிடுகிறது. 1970-ல் புத்தகமாகி, 1972-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல் இது.

அது மதுவிலக்குக் காலம். 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவிய சட்டம். குடிக்க வேண்டுமென்றால் கையில் பெர்மிட் வேண்டும், அல்லது ஆள் பழக்கம் வேண்டும். மயிலாப்பூர் மாடவீதிக் குடும்பம் ஒன்று பாட்டிலைப் பார்த்தது பெரும்பாலும் திரையில்தான். 1971-ல் கதவு திறந்தது, 1974-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது. பீம்சிங்கின் இயக்கத்தில் லட்சுமி கங்காவாக நடித்த படம் 1977-ல் வந்தபோதும் ஊரில் கடை கிடையாது. கங்காவின் கையிலிருந்த கிளாஸுக்கு அத்தனை கனம் வந்ததற்கு ஜெயகாந்தனின் எழுத்து பாதிக் காரணம் என்றால், அரசாங்கத்தின் சட்டம் மீதிப் பாதி.

இன்று தெருமுனையில் பச்சைப் பலகை. 2003-ல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-ல் 500 கடைகளை மூடிய பிறகும் 4,829 கடைகள் இருந்தன. 2003-04-ல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த அரசின் மது வருமானம், 2023-24-ல் 45,000 கோடியைத் தாண்டிவிட்டது. கதைகளிலும் அப்படியே. போனில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் ‘ஆன்ட்டி ஹீரோ’ நாவல்களில் நாயகன் முதல் அத்தியாயத்திலேயே போதையில்தான் அறிமுகமாகிறான். இழந்த காதலியை நினைத்துக் குடிப்பான். புதிதாக வருகிறவள் அன்பாலேயே அவனைத் திருத்திவிடுவாள். ஒரு இரவில் ஐம்பது அத்தியாயம் படிக்கலாம், அடுத்த வார இதழ் வரும் வரை நகத்தைக் கடிக்க வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் அன்பு குடியை நிறுத்தும் என்பது பெரிய பொய். அந்தப் பொய்யை ஜெயகாந்தன் சொல்லவில்லை.

காதலில் தோற்றவன் குடிப்பான் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது 1953-ல் வந்த ‘தேவதாஸ்’ படம். நாகேஸ்வர ராவ் இருமிக்கொண்டே குடித்தார். சாவித்திரி பார்வதியாக அழுதார். பின்னாளில் நிஜத்தில் குடியில் விழுந்தவர் சாவித்திரி. தி.நகர் ஹபிபுல்லா சாலையில் வீடு கட்டி வாழ்ந்தவர், 1980-ல் நினைவிழந்து, 19 மாதம் கோமாவில் கிடந்து, 1981 டிசம்பர் 26-ல் இறந்தார். அன்று அது வம்பு. 2018-ல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் ‘நடிகையர் திலகம்’ வந்தபோது அதே கதைக்குத் தியேட்டரில் மூக்கை உறிஞ்சினார்கள். இரக்கம் வந்து சேர சுமார் 37 வருடம் ஆகியிருக்கிறது.

சாவித்திரி நினைவிழந்த அதே 1980-ல் சென்னையில் இன்னொரு காரியம் நடந்தது. முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி.ரங்கநாதன் இளவயதிலேயே குடிக்குப் பலியாகியிருந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன், அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டு, குடியிலிருந்து மீட்பதற்கென்றே ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். இந்திரா நகரில் ‘டிடிகே ஆஸ்பத்திரி’ என்றால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். குடிப்பவருக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. 1992-ல் சாந்திக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஒரு சொல். ‘குடிகாரன்’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்திருந்த ஊரில் ‘குடிநோயாளி’ என்ற சொல் புழங்கத் தொடங்கியது. முன்பு புருஷன் விழுந்து கிடந்தால் ‘அவருக்கு வயித்து வலி’ என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சமாளித்தவர்கள், இப்போது ‘அட்மிட் பண்ணியிருக்கோம்’ என்கிறார்கள். குரல் தாழ்ந்துதான் வருகிறது, ஆனால் சொல்லிவிடுகிறார்கள்.

போன மாதம் அந்த பைண்டு புத்தகத்தை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். கல்லூரி இரண்டாம் ஆண்டு; ஆன்ட்டி ஹீரோ கதைகளில் கரை கண்டவள். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். கங்கா குடித்தது அவளைத் துளியும் அசைக்கவில்லை. ஊதா மைக் குறிப்பைக் காட்டிச் சிரித்தாள். பிறகு வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:

“ஏன் மாமா, அவளை யாரும் டிரீட்மென்ட்டுக்குக் கூட்டிண்டு போகலையா?”

நாவல் வெளிவந்த வருடம் 1970. இந்திரா நகர் ஆஸ்பத்திரிக்கு அப்போது இன்னும் பத்து வருடம் இருந்தது.