வாங்கிய நூல் யாருக்குச் சொந்தம்?

2009 ஜூலைத் திங்களில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை நூல் விரும்பும் எவரும் மறத்தற்கில்லை. அமேசான் நிறுவனத்தின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களை விலை கொடுத்து வாங்கியோர் பலர், திடீரென அவை மறைந்திருக்கக் கண்டனர். உரிமை பெறாத ஒருவர் அவற்றை விற்பனைக்கு வைத்தாராம். ஆகவே நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. பழைய ஏடுகளை அழித்து வரலாற்றைத் திருத்தும் அரசைப் பற்றிய கதையே '1984' என்பதை என்னென்பது!

பணம் திரும்பியது. ஆனால், பள்ளி மாணவர் ஒருவர் பாடத்துக்கென எழுதிய குறிப்புகள் மூலநூலின்றிப் பயனற்றுப் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனத் தலைவர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்புக் கோரினார். மின்னூல் படிக்கும் நம் பிள்ளைகள் குறிப்புகளைத் தனி நோட்டில் எழுதுவதே நலம்.

2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் விற்ற நூல்கள் மறைந்தன. விலையைத் திருப்பித் தந்ததோடு, முன்னரே குறிப்பெழுதியிருந்தோர் கணக்கில் 25 டாலர் சேர்த்தார்கள். ஓரக்குறிப்புக்கும் விலை வைத்தாயிற்று!

பொத்தானில் 'வாங்குக' என்றிருப்பினும், விற்கப்படுவது நூலன்று, படிக்கும் அனுமதியே. விற்ற பொருளை வீடு புகுந்து எடுக்கலாகாதென்பது சந்தை வியாபாரியும் அறிந்த முறை. வாடகைக்கு விடுவோர் வாடகை என்றே சொல்லட்டுமே! கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றி, 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் கேட்பதும் ஏறத்தாழ இதுவே: அனுமதியை மட்டும் விற்போர், அதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்னும் சொல்லை ஆளலாகாது. அழிப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை.