தோட்டத்து ஈயும் ஒரு புகைப்படமும்

திருவனந்தபுரத்தில் விளப்பில்சாலை குப்பை ஆலை ஊர் மக்களின் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அதன்பின் வீட்டுக் குப்பையை வீட்டிலேயே மக்கவைக்கும் பழக்கம் நகரில் பரவலாயிற்று. குழாய்க் கம்போஸ்ட், கிச்சன் பின் என்று பல வடிவில் அது நம்மவர் வீட்டுக் கொல்லைக்கும் மாடித் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. கூடவே வந்தது, பலர் அதுவரை கவனித்திராத ஓர் ஈ. "கறுப்பா நீளமா, குளவி மாதிரி இருக்கு, கொட்டுமா?" என்ற கேள்வியோடு செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. சிலர் கேட்பதற்கு முன்பே மருந்து அடித்துவிடுகிறார்கள். கீரையும் பாகற்கொடியும் இருக்கும் இடத்தில் அடிக்கிற மருந்து கடைசியில் நம் தட்டுக்குத்தானே வரும்! ஆகவே படத்தைப் பார்த்து ஈயை இனம் காண்பது எப்படி என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இறக்கை. குளவிக்கும் தேனீக்கும் நான்கு இறக்கைகள். ஈக்கு இரண்டே இரண்டு. பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் ஈக்குத் தீக்குச்சித் தலை போல இரு சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது உடம்பு நிலை தவறாமல் பார்த்துக்கொள்பவை இவையே. படத்தில் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருந்தால் எண்ணுவது கஷ்டம். அப்போது தலையைப் பார்க்கவேண்டும். நாம் தோட்டத்தில் காணும் ஈக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் தலையையே அடைத்துக்கொண்டிருக்கும். உணர்கொம்பு குட்டையாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.

நம் கிச்சன் பின் ஈ இங்கேதான் ஏமாற்றுகிறது. அதன் உணர்கொம்பு நீளம். இடுப்பும் குளவியைப் போல ஒடுங்கியதாகத் தோன்றும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களானால் உண்மை தெரியும். இடுப்பு ஒடுங்கவே இல்லை. வயிற்றின் முன்பகுதியில் இருபுறமும் கண்ணாடி ஜன்னல் போல ஒளி ஊடுருவும் இரண்டு திட்டுகள் இருக்கின்றன. வெளிச்சம் அதன் வழியே போவதால் இடுப்பு இல்லாதது போன்ற ஒரு மயக்கம். கால்களின் நுனி சாக்ஸ் போட்டதுபோல வெள்ளையாக இருக்கும். புகை படிந்த நிற இறக்கை, சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர் நீளம். இத்தனையும் பொருந்தினால் அது கறுப்புச் சிப்பாய் ஈ. ஹெர்மீஷியா இல்லூசென்ஸ் என்பது அறிவியல் பெயர். 1758-இல் லின்னேயஸ் பெயரிட்டது. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அதுவும் நம்மைப்போல் பிழைக்க வந்த இடத்தில் வேரூன்றிவிட்டது எனலாம்!

இது கொட்டாது, கடிக்காது. வளர்ந்த ஈ திட உணவு தின்பதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் உயிரோடிருந்து, இணை சேர்ந்து, குப்பைக்கு அருகிலுள்ள இடுக்குகளில் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து உட்காரும் பழக்கம் இதற்கில்லை. நம்மவர்களை அலறவைப்பது இதன் புழுதான். "பின் முழுக்க நெளியுதே" என்று கொதிநீரை ஊற்றுகிறார்கள். பாவம், அவைதான் நம் சோற்றையும் காய்த்தோலையும் வேகமாகத் தின்று தீர்ப்பவை. இவை நிறைந்த இடத்தில் வீட்டு ஈ பெருகுவதும் குறையும். முற்றிய புழு கறுத்து, காய்ந்த இடம் தேடிப் பின்னை விட்டு வெளியே ஊர்ந்துவரும். அப்போது பெருக்கி எடுத்துக் கோழிக்குப் போடலாம். மலையாளத்தில் பட்டாளப்புழு என்று சொல்லி இதைக் கோழிக்கும் மீனுக்கும் தீனியாகவே வளர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இதை மீன் தீவனத்தில் சேர்க்க அனுமதித்தது.

எல்லா ஈயும் இப்படி நல்லதல்ல. பாகல், புடல், வெள்ளரிப் பிஞ்சு மஞ்சளாகி வளைந்து அழுகினால் பெரும்பாலும் பழ ஈயின் வேலை. இங்கே படம் மிகவும் உதவும், ஏனெனில் ஆளைத் தவறாகப் புரிந்துகொண்டால் பொறியும் தவறாகிவிடும். முதுகை மேலிருந்து படமெடுங்கள். நெஞ்சின் இருபக்கமும் மஞ்சள் கோடு, நடுவிலும் ஒன்று, ஆக மூன்று இருந்து, இறக்கை நுனியில் பழுப்புத் திட்டும் இருந்தால் அது பாகற்காய் ஈ. பக்கத்துக் கோடு இரண்டு மட்டும் இருந்து, இறக்கை ஓரத்தில் மெல்லிய கோடு மட்டுமே ஓடினால் அது மாம்பழ ஈயின் கூட்டத்தைச் சேர்ந்தது. கேரள விவசாயிகள் துளசியிலையைக் கசக்கி வைக்கும் துளசிக் கெணி மாம்பழ ஈயின் ஆணைத்தான் இழுக்கும். காரணம் அதிலுள்ள மெத்தில் யூஜினால். பாகற்காய் ஈ அதைத் திரும்பியும் பாராது. அதற்கு கியூலூர் என்ற வேறு மணம் வேண்டும். சிட்ரோனெல்லா எண்ணெய்க்குப் பழ ஈக்கள் கூடுவதைக் கண்டு, அதன் காரணம் மெத்தில் யூஜினால் என்று 1915-இல் எழுதியவர் பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹௌலட் என்ற ஆங்கிலேயர். பந்தலில் துளசியைத் தொங்கவிட்டும் பாகல் அழுகுதே என்று புலம்புகிறவர்கள் முதலில் முதுகுக் கோட்டை எண்ணிப் பார்க்கட்டும். அழுகி விழுந்த பிஞ்சைத் தரையில் விடக்கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக மறுபடி வரும்.

இடுப்பில் மஞ்சள் கறுப்புப் பட்டையோடு ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்தில் நிற்பது மிதவை ஈ. இதில் பல வகைகளின் புழு அசுவினியைத் தின்னும். அதை விட்டுவிடுங்கள்.

படத்துக்கும் எல்லை உண்டு. 2005-இல் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் கிடைத்த ஒரு பழ ஈயைப் புதிய இனமென்று அறிஞர்கள் பெயரிட்டார்கள். பத்தாண்டு கழித்து, அது மாம்பழ ஈயேதான் என்று சொல்லி அந்தப் பெயரை நீக்கினார்கள். கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கே இந்தக் குழப்பம் என்றால் செல்போன் படம் எம்மாத்திரம்? எனவே மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று என மூன்று படமாவது எடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். எந்தச் செடியில், எந்த மாதத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் ஈ மந்தமாக இருக்கும். அப்போது எடுப்பது சுலபம். அப்படியும் தெரியவில்லையா, ஈயைப் பிடித்துச் சின்ன டப்பாவில் போட்டு ஒரு இரவு ஃப்ரீஸரில் வைத்து (வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு!) உங்கள் பகுதி கிருஷி பவனிலோ வெள்ளாயணி வேளாண் கல்லூரியிலோ காட்டிக் கேட்கலாம்.