லோ வோல்டேஜில் உறுமும் ஆம்ப்: ஹெட்ஃபோனுக்கு ஒரு சத்தமில்லாத பவர் சப்ளை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சால்டரிங் வாசனையோட இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவங்களும் கேக்கலாம், கணக்கு வர்ற இடத்தில் மெதுவாகப் போறேன்.

எங்க வீடு முத்துப்பேட்டை. அலையாத்திக் காடு பார்க்க வந்திருந்தீங்கன்னா எங்க தெரு வழியாத்தான் படகுத்துறைக்குப் போயிருப்பீங்க. வாப்பா பல வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்தாங்க. எண்பதுகளில் போன் பேசுறதெல்லாம் பெரிய செலவு. அதனால கேசட்டில் பேசி, ஊருக்கு வர்றவங்க கையில் கொடுத்தனுப்புவாங்க. அப்படி 1989-ல் வந்த ஒரு கேசட் மட்டும் உம்மாவோட பீரோவில் மிச்சம் இருக்கு. வாப்பா மவுத்தாகி நாலு வருஷம் ஆகுது. உம்மாவுக்கு இப்ப காது கொஞ்சம் மந்தம். வீட்டிலிருந்த பழைய டூ இன் ஒன்னோட ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சு. சரி, நான் சென்னையில் கட்டின ஹெட்ஃபோன் ஆம்ப்பை எடுத்துக்கிட்டுப் போய் உம்மாவுக்குக் கேட்க வைக்கலாம்னு மே மாசம் கிளம்பினேன்.

முப்பது வருஷம் தாண்டின கேசட்டை இஷ்டத்துக்கு ஓட்டிப் பார்க்க முடியாது. டேப் இழுபடலாம், காந்தப் பூச்சு உதிரலாம். அதனால மத்த எல்லாத்தையும் வேற கேசட்டில் சரிபார்த்துட்டு, கடைசியாத்தான் இதைப் போடணும்னு முடிவு பண்ணியிருந்தேன். நல்லவேளை. ஏன்னா சென்னையில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட மூச்சுக் காட்டாத ஆம்ப், முத்துப்பேட்டையில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டதும் உறுமுச்சு. ஹம்மிங். ஈ இல்லை, வண்டு.

வாப்பாவுக்குக் கட்டைக் குரல். ஆண்களோட பேச்சுக்குரலில் அடிநாதம் சுமாரா 100-லிருந்து 150 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்கும். பவர் சப்ளையிலிருந்து வர்ற ஹம்மிங்கும் நம்ம நாட்டில் 100 ஹெர்ட்ஸ்தான். ரெண்டும் ஒரே இடத்தில் உக்காந்திருக்கு. ஏதோ ஒரு ஃபில்டர் போட்டு ஹம்மிங்கை வெட்டினா, குரலோட அடியையும் சேர்த்து வெட்டணும். அதனால அது பிறக்கிற இடத்திலேயே நிறுத்தியாகணும்.

முதல் வேலை, சத்தம் 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸான்னு பார்க்கிறது. மொபைலில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப்பைப் போட்டு, காதால ஒப்பிட்டாலே போதும். 50-ன்னா பெரும்பாலும் எர்த் கோளாறு, இல்லைன்னா டிரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலம் ஒயரில் ஏறுது. 100-ன்னா டயோடு பிரிட்ஜுக்குப் பின்னாடி பிரச்சனை, ஏன்னா பிரிட்ஜ் கரண்டோட ரெண்டு பாதி அலையையும் ஒரே பக்கமாத் திருப்பிவிடுது. என்னுடையது 100.

அடுத்தது பேட்டரி சோதனை. பழைய கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்குமே, 12 வோல்ட் பேட்டரி, அதில் ரெண்டை வரிசையா இணைச்சா 24 வோல்ட். பவர் சப்ளையைக் கழட்டிட்டு அதை ஆம்ப்புக்குக் கொடுத்தேன். சுத்தமா அமைதி. அப்ப ஆம்ப் நல்லவன், குற்றவாளி சப்ளை. பேட்டரியில் ஓடும்போதும் ஹம்மிங் இருந்தா, ஆம்ப்போட ஒயரிங்கையோ பாட்டு வர்ற கருவியையோ பார்க்கணும். இந்த ஒரு சோதனையைப் பண்ணாம பலபேர் மாசக்கணக்கில் ஐசி மாத்திக்கிட்டே இருக்காங்க.

என் சப்ளை எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், டயோடு பிரிட்ஜ், 4700 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கெப்பாசிட்டர், அதுக்கப்புறம் எல்எம்317 ரெகுலேட்டர், அவுட்புட் 24 வோல்ட். எல்எம்317-ஐ 1976-ல் நேஷனல் செமிகண்டக்டரில் பாப் டாப்கின் வடிவமைச்சார். இன்னைக்கும் சில்லறைக் காசுக்குக் கிடைக்குது. ஆம்ப் கிளாஸ் ஏ வகை, சேனலுக்கு ஒரு மாஸ்ஃபெட். பாட்டு ஓடினாலும் ஓடாட்டியும் ரெண்டு சேனலும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்துக்கிட்டே இருக்கும். இந்த மாதிரி எளிய ஆம்ப்புக்குச் சப்ளையிலிருக்கிற அசுத்தத்தைத் தானா தடுக்கிற சக்தி கம்மி. நல்ல ஆப்-ஆம்ப் வெச்சதுன்னா பெருமளவு தாங்கிக்கும்.

இப்ப ரெகுலேட்டர் என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். டெல்டாக்காரங்களுக்கு ரெகுலேட்டர்ன்னா முதல்ல ஆத்து ஷட்டர்தான் ஞாபகம் வரும். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரியுதில்லையா, அங்கேருந்துதான் கோரையாறும் பாமணியாறும் கிளம்பி எங்க ஊர்க் கழிமுகத்துக்கு வருது. ஷட்டருக்கு மேல்பக்கம் தண்ணி ஏறி இறங்கினாலும், ஷட்டரைக் கூட்டிக் குறைச்சுக் கீழ்ப்பக்கம் ஒரே மட்டமா விடலாம். ஆனா மேல்பக்கத் தண்ணியே கீழே வேண்டிய மட்டத்துக்கு இறங்கிட்டா? ஷட்டரை முழுசாத் தூக்கிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மேலே வர்ற அலை அப்படியே கீழே வரும்.

எல்எம்317-க்கும் இதேதான். உள்ளே வர்ற வோல்டேஜ், வெளியே போறதைவிடச் சுமாரா 2.5 வோல்ட் அதிகமா இருக்கணும். 24 வேணும்னா, உள்ளே வர்றது எந்த நொடியிலும் 26.5-க்குக் கீழே போகக்கூடாது.

சென்னையில் லைன் 230 வோல்ட்னு வெச்சுக்கங்க. 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரோட அலை உச்சி அதைவிட 1.414 மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 34. பிரிட்ஜில் ரெண்டு டயோடு சுமாரா 2 வோல்ட் சாப்பிடும், 32. கெப்பாசிட்டர் ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் நடுவில் வடியுது. அரை ஆம்பியருக்கு 4700 மைக்ரோஃபாரட்டில் அந்த வடிச்சல் சுமார் 1 வோல்ட். ஆக அடிமட்டம் 31. தேவை 26.5. தாராளம்.

முத்துப்பேட்டையில் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரோட டிஸ்ப்ளேவைப் போய்ப் பார்த்தேன். 188. மே மாசம், ஏழு மணி, தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடுது. தண்ணிக்குக் கடைமடை இருக்கிற மாதிரி கரண்டுக்கும் உண்டு. லைன் நீளமாக ஆக, லோடு ஏற ஏற, கடைசி வீட்டுக்கு வர்றதுக்குள்ள வோல்டேஜ் கம்பியிலேயே கரைஞ்சிடும். 188-க்கு அதே கணக்கைப் போடுங்க: உச்சி 27.7, டயோடு போக 25.7, வடிச்சல் போக 24.7. ஷட்டர் முழுசாத் தூக்கியாச்சு. 1 வோல்ட் அலை நேரா ஆம்ப்புக்குள்ள, அங்கேருந்து காதுக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஸ்டெபிலைசர் 220 காட்டினப்ப ஹம்மிங் தானாவே நின்னுடுச்சு. பேய் ஓட்டின மாதிரி!

மீட்டரிலும் இதைப் பார்க்கலாம். ரெகுலேட்டர் அவுட்புட்டை ஏசி ரேஞ்சில் அளந்தா, சரியா ஓடும்போது கிட்டத்தட்ட பூஜ்யம், கோளாறு நேரத்தில் 0.3 வோல்ட் பக்கம். மலிவான சில மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியையும் சேர்த்துக் கண்டபடி காட்டும். ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மீட்டரோட வரிசையில் போட்டுட்டு அளங்க.

சரிசெய்ய ரெண்டு வழி. ஒண்ணு 30 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குறது. ஆனா அப்ப 230-ல் ரெகுலேட்டர் மேல சுமார் 8 வாட் சூடு, பெரிய ஹீட்சிங்க் வேணும். லோடு இல்லாம லைனும் 250-க்கு ஏறினா கெப்பாசிட்டரில் 50 வோல்ட்டைத் தொடும், அதனால 63 வோல்ட் ரகம் போட்டாகணும். இன்னொண்ணு, அவுட்புட்டைக் குறைக்கிறது. எல்எம்317-ல் ரெண்டு ரெசிஸ்டர்தான் வோல்டேஜைத் தீர்மானிக்குது. மேலே 240 ஓம், கீழே 4.3 கிலோ ஓம் போட்டா 24 வோல்ட் வரும். கீழே இருக்கிறதை 3.6 கிலோ ஓமா மாத்தினா 20. அவ்வளவுதான், ஒரு ரூபாய்ப் பொருள். இப்ப தேவை 22.5 மட்டும், லைன் கிட்டத்தட்ட 173 வரைக்கும் இறங்கினாலும் தாங்கும். ஆம்ப்போட உச்ச சத்தம் கொஞ்சம் குறையும். ஹெட்ஃபோனில் அந்த அளவுக்கு வெச்சுக் கேட்டா காது போயிடும், அதனால நான் கவலைப்படலை.

கூடவே ரெண்டு சின்ன வேலை. எல்எம்317-ன் அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். நேஷனலோட பழைய டேட்டாஷீட்படி, இது அலையைத் தடுக்கிற திறனை 65 டெசிபலிலிருந்து 80 டெசிபலுக்குக் கூட்டுது. 80 டெசிபல்னா பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஸ்விட்ச் ஆஃப் பண்ணும்போது அந்தக் கெப்பாசிட்டர் ஐசியைக் கெடுக்காம இருக்க டேட்டாஷீட்டில் காட்டியிருக்கிற டயோடையும் மறக்காமப் போடுங்க. ரெண்டாவது, கிரவுண்டு ஒயர். பிரிட்ஜிலிருந்து கெப்பாசிட்டருக்குக் கரண்ட் ஒழுங்கா ஓடாது, உச்சிக்கு உச்சி குபுக் குபுக்னு 2, 3 ஆம்பியர் பாயும். இருபது சென்டிமீட்டர் மெல்லிய ஒயரில் 10 மில்லி ஓம் இருந்தாலே, 3 ஆம்பியருக்கு 30 மில்லிவோல்ட் பிறக்கும். ஆம்ப்போட கிரவுண்டை அந்த ஒயரில் எங்கேயாவது ஒட்டவெச்சா அதுவும் பாட்டோட சேர்ந்து பாடும். ஆம்ப்புக்கான கிரவுண்டை ரெகுலேட்டர் அவுட்புட் பக்கத்திலிருந்து தனியா எடுக்கணும்.

“எல்டி3045 மாதிரி லேட்டஸ்ட் ஐசி போடலாமே”ன்னு ஒருத்தர் மெயிலில் கேட்டிருந்தார். அருமையான ஐசி, அதோட சொந்த இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட்தான். ஆனா அதுக்குள்ள போக வேண்டிய வோல்டேஜே வரலைன்னா அதுவும் ஷட்டரைத் தூக்கிட்டுத்தான் நிக்கும். தவிர அது 20 வோல்ட்டுக்கு மேல உள்வாங்காது, அவுட்புட்டும் 15-ஐத் தாண்டாது, என் ஆம்ப்புக்குப் பொருந்தாது. நான் கேக்கப்போறதோ பழைய கேசட், அதோட உஸ்ஸ் சத்தம் எந்த ரெகுலேட்டரைவிடவும் பல மடங்கு பெருசு. முதல் காசை டிரான்ஸ்ஃபார்மரிலும் கெப்பாசிட்டரிலும் போடுங்கன்னுதான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை, இதை எடிட் பண்ண விடமாட்டேன். டிரான்ஸ்ஃபார்மரோட அந்தப் பக்கம் 230 வோல்ட். பிரைமரியில் ஃபியூஸ், மூணு பின் பிளக், உலோகப் பெட்டின்னா எர்த் கட்டாயம். முதல் தடவை பண்றவங்க தெரிஞ்சவங்களைப் பக்கத்தில் வெச்சுக்கங்க. எங்க ஊர் உப்புக்காத்தில் எர்த் ஸ்க்ரூ ரெண்டே வருஷத்தில் பச்சை பிடிச்சிருக்கு, அதையும் அப்பப்ப சுரண்டிப் பாருங்க.

3.6 கிலோ ஓம் ரெசிஸ்டர் எங்க கடைத்தெருவில் கிடைக்கலை. 3.3-ம் 300 ஓமும் வரிசையாப் போட்டு ஒப்பேத்தினேன். மறுநாள் ஏழு மணி, ஸ்டெபிலைசர் 184 காட்டுது, ஹெட்ஃபோனில் ஒண்ணுமே இல்லை. சோதனைக் கேசட்டை எடுத்துட்டு அந்தக் கேசட்டைப் போட்டேன். உம்மா ஹெட்ஃபோனை ரெண்டு கையாலயும் காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. முதல் சலாம் முடிஞ்சு கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் என் பக்கம் திரும்பி, எனக்கும் காது மந்தம்ங்கிற மாதிரி சத்தமாக் கேட்டாங்க:

“வாப்பா பேசும்போது பின்னாடி ஒருத்தர் இருமுறாரே, அது யாரு?”