ஆழத்தை அளக்காமலே ஆழம் சொல்ற கருவி

கமுதியில கடல் கிடையாது. அலை பார்க்கணும்னா சாயல்குடி பக்கம் பஸ் ஏறணும். ஆனா சித்திரை வெயில்ல ஊருணியில இறங்கினவங்களுக்கு இன்னைக்குப் பேசப்போற விஷயம் ஏற்கனவே தெரியும். மேல் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், கால் கீழ போகப்போக ஜில்லுன்னு ஆகும்.

வங்காள விரிகுடாவும் அப்படித்தான். காத்தும் அலையும் கலக்குறதால மேல் அடுக்கு முழுக்க ஏறக்குறைய ஒரே சூடு, வருஷத்துல பல மாசம் 28, 29 டிகிரி. அதுக்குக் கீழ வெப்பநிலை மடமடன்னு சரியும். இந்தச் சரிவுக்குப் பேர் தெர்மோக்ளைன். புயலுக்குத் தீனியே அந்த மேல் அடுக்குதான். அது மெல்லிசா இருந்தா, புயலே கடலைக் கலக்கி, குளிர்ந்த தண்ணியை மேல இழுத்து, தன் சோத்துல தானே மண்ணைப் போட்டுக்கும். தடிமனா இருந்தா வலுத்துக்கிட்டே போகும். அதனால 26 டிகிரி தண்ணி எவ்வளவு ஆழம் வரைக்கும் இருக்குன்னு தெரிஞ்சாகணும். 1964 தனுஷ்கோடி கதையைக் கேட்டு வளர்ந்த மாவட்டத்துக்காரனுக்கு இது வெறும் கிராஃப் இல்ல.

இதை அளக்க 1960கள்ல வந்த கருவி எக்ஸ்பிடி. கோவாவுல இருக்கிற தேசிய கடலியல் நிறுவனம் 1990 வாக்குல இருந்து சென்னை - போர்ட் பிளேர் - கொல்கத்தா பாதையில, போற வர்ற கப்பல்கள்ல இருந்தே இதைப் போட்டு அளக்குது. கப்பலை நிறுத்த வேண்டியதில்ல. குட்டி ராக்கெட் மாதிரி ஒரு குண்டு, மூக்குல தெர்மிஸ்டர், பின்னாடி முடி மாதிரி செம்புக் கம்பி. குண்டு கீழ போகும், கம்பி பிரிஞ்சுக்கிட்டே சிக்னல் அனுப்பும், கடைசியில அறுந்துடும். ஒரு தடவை போட்டா அவ்வளவுதான்.

முதல்ல ஈஸியான கோளாறுகள். கம்பி அறுந்தா கோடு சட்டுனு ஸ்கேலோட ஓரத்துக்கு ஓடிடும். குண்டு தரை தட்டினா வெப்பநிலை மாறாம கோடு நேரா நிக்கும். முதல் நாலு மீட்டரை நம்பவே கூடாது, தெர்மிஸ்டர் தண்ணிச் சூட்டுக்குப் பழகவே அவ்வளவு தூரம் ஆகும். நம்ம பாக் நீரிணையில இதைப் போட்டா காமெடிதான். பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ள ஆழம், ரெண்டே செகண்ட்ல தரை.

அடுத்தது கம்பியோட இன்சுலேஷன்ல கீறல். கடல் தண்ணி வழியா கரன்ட் கசியும். தெர்மிஸ்டருக்குச் சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸ் குறையும், கசிவும் அதையே செய்யும். அதனால தண்ணி சூடாகுற மாதிரி காட்டும். ‘ஆழத்துல சூடு ஏறுதா? கருவி கோளாறு, தூக்கிப் போடு’ன்னுதான் நான் ஸ்கிரிப்ட் எழுதியிருப்பேன். தப்பு! வடக்கு வங்காள விரிகுடாவுல கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டுற நல்ல தண்ணி, உப்பு கம்மியா லேசா மேல மிதக்கும். குளிர்காலத்துல அது குளிர்ந்தாலும் கீழ இறங்காது. அதுக்கு அடியில நிஜமாவே சூடான தண்ணி இருக்கும். அந்த ஸ்கிரிப்ட் ஓடினா கடலோட உண்மையான குணத்தையே அழிச்சிருப்பேன். சந்தேகம் வந்தா இன்னொரு குண்டு போட்டுப் பார்க்கணும். ரெண்டுலயும் அதே இடத்துல அதே வளைவு வந்தா அது கடல்.

இப்ப பெரிய பிரச்சினை. இந்தக் குண்டுல அழுத்தம் அளக்குற சென்சாரே கிடையாது! தண்ணியில விழுந்து எத்தனை செகண்ட் ஆச்சுங்கிறதை ஒரு ஃபார்முலாவுல போட்டுத்தான் ஆழத்தைச் சொல்லுது. பழைய ஃபார்முலாபடி 100 செகண்ட்ல 625.6 மீட்டர். 1995ல ஹனாவா குழு திருத்தின ஃபார்முலாபடி 646.6. குண்டு நினைச்சதைவிட வேகமா விழுந்திருக்கு. வித்தியாசம் மூணரை சதவீதம்கூட இல்ல, 100 மீட்டர் ஆழத்துல மூணு மீட்டர் சொச்சம்தான். ஆனா தெர்மோக்ளைன் மீட்டருக்கு 0.1 டிகிரி சரியுதுன்னா, அங்க 0.3 டிகிரி தப்பு. கோடு வழவழன்னு அழகா இருக்கும், பார்த்தா யாருக்கும் சந்தேகமே வராது.

‘சரி, 1.0336 ஆல பெருக்கிட்டா போச்சு’ன்னு தோணும். ஆனா உலக ஆவணத்துல பல பதிவுகள்ல எந்த மாடல் குண்டு, எந்த ஃபார்முலான்னே எழுதி வைக்கல. திருத்தாம விட்டா கடல் இருக்கிறதைவிடக் குளிரா தெரியும். ஏற்கனவே திருத்தினதை மறுபடி திருத்தினா இல்லாத சூடு வரும். ஒரே ஒரு காலம் நிரப்பாம விட்டதுக்கு இத்தனை பாடு. டேட்டாபேஸ்ல நல் விட்டுட்டுப் போற நண்பர்களே, உங்களைத்தான் சொல்றேன்.

ஆர்கோ மிதவைகள்ல அழுத்த சென்சார் இருக்கு, அதனால தப்பே வராதுன்னு நினைச்சுடாதீங்க. 2006ல லைமன், வில்லிஸ், ஜான்சன் மூணு பேரும் 2003ல இருந்து 2005க்குள்ள மேல் கடல் குளிர்ந்திருக்குன்னு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. உலகமே சூடாகுறப்போ கடல் மட்டும் எப்படிக் குளிரும்? தோண்டிப் பார்த்தா, சில மிதவைகள்ல வெப்பநிலைகள் பக்கத்து ஆழத்தோட எண்ணுல போய் உக்காந்திருக்கு. நம்ம ஊர் ஆஃப்-பை-ஒன் பக் தான். கூடவே எக்ஸ்பிடியோட சூட்டுப் பிழையும் சேர்ந்துக்கிச்சு. 2007ல அவங்களே திருத்தம் போட்டாங்க, அந்தக் குளிர்ச்சி காணாமப் போச்சு.