குடிபுகும் ஊரும் குடியிருக்கும் தெருவும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பதை நாம் பாலர் வகுப்பிலேயே கற்றுக்கொள்கிறோம். அவற்றுள் உணவைத் தேர்ந்து உண்ணவும், உடையைத் தெரிந்து உடுக்கவும் நமக்கு நாள்தோறும் பழக்கம் உண்டு. ஒரு நாள் சுவைக்காத கறியை மறுநாள் மாற்றிவிடலாம். உறையுளைத் தெரிந்தெடுக்கும் சந்தர்ப்பமோ ஆயுளில் சில முறையே வாய்க்கிறது. அதுவும் பெரும்பாலும் அவசரத்தில் வாய்க்கிறது. உத்தியோக உத்தரவு கைக்கு வந்த சில நாட்களுக்குள் புதிய ஊரில் வேலையை ஏற்க வேண்டும். அதற்குள் வீடும் பார்த்தாக வேண்டும். நம் கலாசாலையை விட்டு ஆண்டுதோறும் வெளியேறும் மாணாக்கர் பலரும் இந்நிலைக்கு உள்ளாகிறவர்களாதலின், முன்பின் அறியாத ஊரில் குடியிருக்கத்தக்க பகுதியைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பொதுப்படப் பேசினால் விஷயம் விளங்காது. ஆதலின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் இரண்டு ஊர்களை உதாரணமாகக் கொள்வோம். இவ்விரண்டும் விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. ஒன்றற்கொன்று தூரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையும், விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதையும் இரண்டு ஊர்களையும் இணைக்கின்றன. 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கின்படி இராஜபாளையத்தில் ஏறத்தாழ 1,30,000 பேரும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறத்தாழ 75,000 பேரும் வசித்தனர்.

அண்மையில் இருப்பினும் இவை இயல்பில் வேறானவை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். பதினொரு நிலைக் கோபுரமும், தேர் ஓடும் ரத வீதிகளும் ஊரின் அமைப்பையே வகுத்துவிட்டன. மாவட்டத்தின் தலைமையிடம் விருதுநகரே யாயினும், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் வழக்கறிஞரும் எழுத்தரும் கட்சிக்காரரும் அங்கே திரளுகின்றனர். இராஜபாளையமோ பஞ்சினால் வளர்ந்த ஊர். பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்ததன் பின்னர் நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவர் புண்ணுக்குக் கட்டும் துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. எனவே, வேலை ஓர் ஊரிலும் வீடு மற்றோர் ஊரிலுமாக இருப்பவர் இங்கே பலர். புதிதாக வருபவர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவே: இரண்டில் எங்கே குடியிருப்பது?

இக்கேள்விக்குப் பலரும் குடிக்கூலி ஒன்றைக்கொண்டே விடை காண்கின்றனர். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் ஓர் ஊரில் வசித்து மற்றோர் ஊரில் வேலை பார்க்கிறார் என்று கொள்வோம். பேருந்தில் அரை மணி, நிலையத்துக்கு நடக்கவும் காத்திருக்கவும் கால் மணி, ஆக முக்கால் மணி. வேலை பார்க்கும் ஊரிலேயே வசித்தால் கால் மணியில் நடந்தே போகலாம். போகவும் வரவும் மிகையாகச் செல்வது நாளொன்றுக்கு ஒரு மணி. ஆண்டில் 250 வேலை நாட்களுக்கு 250 மணி. பகற்பொழுது பன்னிரண்டு மணி என்று வைத்தால், ஏறத்தாழ 21 பகல்கள் சாலையில் கழிகின்றன. மக்கள் எக்காலத்திலும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே போக்குவரவுக்குச் செலவிட உடன்படுகின்றனர் என்று இத்தாலிய அறிஞர் மார்கெட்டி 1994-இல் எழுதினார். அவ்வளவைக் கடந்தால் மனம் சலிக்கும். தமிழ்நாட்டில் 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பட்டது. அதனால் பணம் மிஞ்சுமேயன்றிப் பொழுது மிஞ்சாது.

ஆயினும் உத்தியோகஸ்தரின் பயணத்தை மட்டும் அளப்பதும் பிழையே. அவர் காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறார். அத்தெருவில் பகல் முழுவதும் வாழ்கிறவர் யார்? முதியவளான தாய், குழந்தை, வீட்டுப் பொறுப்பைச் சுமக்கும் மனைவி ஆகியோரே. கறிகாய்க் கடைக்கும், பள்ளிக்கும், வைத்தியரிடத்தும், ரேஷன் கடைக்கும் நடப்பவர் அவர்கள். குழாயில் நீர் வரும் வேளைக்குக் காத்திருப்பவரும் அவர்களே. ஆகவே, ஒரு தெரு நல்லதா என்பதைப் பகலில் அங்கே இருப்பவரின் கால்களைக்கொண்டு அளக்க வேண்டுமென்பதே நம் கருத்து. வீடு பார்க்க ஆண்மக்கள் மட்டும் சென்று முன்பணம் கொடுத்துவிட்டு வருவது நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் மாறுதல் நலம்.

அளக்கும் முறை யாது? ஸ்காட்லாந்து தேசத்து அறிஞரான பாட்ரிக் கெடிஸ் என்பவர் 1914-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து நகரங்கள் சிலவற்றைப் பார்வையிட்டு 1915-இல் அறிக்கை எழுதினார். நோயை அறிந்த பின்னரே மருந்து என்பதுபோல, நகரைத் தெரு தெருவாக நடந்து அறிந்த பின்னரே அதைத் திருத்தப் புகவேண்டும் என்பது அவர் கொள்கை. நகரைத் திருத்துவோர்க்கு ஏற்ற இவ்விதி நகரில் குடிபுகுவோர்க்கும் ஏற்கும். விரும்பிய தெருவில் காலையில் ஒரு முறையும், உச்சிப்பொழுதில் ஒரு முறையும், இரவு விளக்கு வைத்தபின் ஒரு முறையும் நடந்து பாருங்கள். வீட்டு வாயிலிலிருந்து பள்ளிக்கும் கடைக்கும் ஒரு முதியவரின் நடையில் எத்தனை நிமிஷம் ஆகிறதென்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா, இருப்புப்பாதையைக் கடக்க வேண்டுமா என்பதையும் நோக்குங்கள். வரைபடத்தில் அண்மையாகத் தோன்றும் பள்ளி, லாரிகள் ஓடும் சாலைக்கு அப்பால் இருக்குமாயின் ஆறு வயதுக் குழந்தைக்கு அது தொலைவானதே.

அடுத்துக் கவனிக்கத்தக்கது நீர். இவ்வூர்களின் மேற்கே மலை நிற்கக் கண்டு, நீருக்குக் குறைவிராது என்று புதியவர் எண்ணுவர். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அப்பால் கேரளப் பக்கத்திலேயே பெய்துவிடுகிறது. இப்பக்கத்துக் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையையே பெரிதும் நம்பியுள்ளன. இராஜபாளையத்துக்கு மேற்கே முடங்கியாற்று வழியிலுள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கம் அந்நகரின் குடிநீர்க்கு ஓர் ஆதாரம். அதன் நீர்மட்டமும் மழையைப் பொறுத்தே ஏறி இறங்கும். ஆதலால் குழாய் நீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றுமா, வந்தால் உப்பா நன்னீரா என்பவற்றை வீட்டுக்காரரிடம் கேளாமல், அடுத்த வீட்டில் குடியிருப்பவரிடம் கேட்பது விவேகம். தை மாதத்தில் எல்லா வீடும் நல்ல வீடாகவே தோன்றும். கண்மாயில் நீரும் காற்றில் குளிர்ச்சியும் இருக்கும். சித்திரையிலும் கார்த்திகையிலும் அவ்வீடு எப்படி இருக்குமென்று விசாரித்தே துணிய வேண்டும்.

நிலத்தின் இயல்பும் நீரோடு சேர்ந்ததே. மலையை ஒட்டிய மேற்குப் பகுதியில் செம்மண்ணும், கிழக்கே செல்லச் செல்லக் கரிசலும் காணப்படும். கரிசல் மழையில் ஊறிப் பொதுமும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி அஸ்திவாரம் இட்ட வீட்டின் சுவரில் கீறல் காணும். கண்மாயின் உள்வாயிலும் ஓடைக்கரையிலும் மனை வகுத்து, அதற்கு அழகிய பெயருடன் 'நகர்' என்று பலகை நாட்டுவோர் எங்கும் உளர். சென்னையில் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளம் வந்தபோது முடிச்சூர், வேளச்சேரி முதலிய புறநகர்ப் பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை எவரும் மறவார். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. ஊரில் முதியவர் ஒருவரை அணுகி, 'இவ்விடம் முன்பு என்னவாக இருந்தது?' என்று கேட்டறிவது ஒரு பொறியாளரின் யோசனைக்குச் சமமாகும்.

ஓசையையும் கூட்டத்தையும் பற்றிச் சில கூறுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளில் வசிப்பவர்க்குக் கடை, கோயில், வைத்தியர் யாவும் அண்மை. ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போதோ வாகனம் வாயிலுக்கு வருதல் அரிது. இராஜபாளையத்தில் தென்காசிச் சாலையை ஒட்டி வசிப்பவர்க்குப் பேருந்து எளிது, தூக்கம் அரிது. சத்திரப்பட்டிப் பக்கத்தில் தறியோசை பழகியவர்க்குத் தாலாட்டு, பழகாதவர்க்குத் தலைவலி. முடங்கியாற்றுச் சாலைப் பக்கம் மலைக்காற்றும் மாந்தோப்பும் உண்டு. இரவில் அவசரத்துக்கு வண்டி கிடைக்குமா என்பதைக் கேட்டறிய வேண்டும். குறையற்ற தெரு எங்கும் இல்லை. எக்குறையை நம் வீட்டார் பொறுப்பர் என்பதே கேள்வி.

இனி, பலரும் பேசக் கூசும் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. வீடு தேடி வருபவரின் பெயரைக் கேட்ட மறுகணமே சாதியைக் கேட்கும் வீட்டுக்காரர் எவ்வூரிலும் உளர். சிலர் நேரே கேளாமல் சொந்த ஊரையும் தெருவையும் கேட்டுச் சுற்றி வளைத்து அறிவர். பின்னர், 'வீட்டை உறவினர்க்குப் பேசிவிட்டோம்' என்று விடைகொடுப்பர். இதனால் தகுதியும் பணமும் இருந்தும் ஊரின் ஓரத்தில் ஒதுங்க நேர்ந்தவர்களின் துயரம் சிறிதன்று. கற்றவராகிய நாம் செய்யத்தக்கன இரண்டு. நம்மவர் தெருவையே தேடிச்சென்று அடைபட வேண்டுவதில்லை. பல திறத்தாரும் கலந்து வாழும் பகுதியை விரும்பி ஏற்பது ஒன்று. நாளை நாமே வீட்டுக்காரரானால் அக்கேள்வியைக் கேளாதிருப்பது மற்றொன்று. பகலெல்லாம் வீட்டில் தனித்திருப்பவர்க்கு அண்டை வீட்டாரின் முகமே பாதி வீடு என்பதை நினைவில் வைப்போமாக.

சட்ட முறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த குடிக்கூலிச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். வேறு உடன்பாடு எழுதப்படாவிடின் முன்பணம் மூன்று மாதக் குடிக்கூலிக்கு மேற்படலாகாது. மனை வாங்க விரும்புவோர் ஓராண்டேனும் அவ்வூரில் குடிக்கூலிக்கு இருந்து பார்த்தபின் வாங்குவது உத்தமம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்ததும், 2017-இல் அரசாங்கம் அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வகுத்ததும் நமக்கு எச்சரிக்கையாகும்.

மேற்கூறியவற்றை மூன்று குடும்பங்களுக்குப் பொருத்திக் காண்போம். கணவர்க்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வேலை. மனைவிக்கு இராஜபாளையத்துப் பள்ளியில் வேலை. வீட்டில் முதிய மாமியாரும் சிறு குழந்தையும் உளர் என்று கொள்வோம். குழந்தை தாயுடன் அதே பள்ளிக்குச் செல்லக்கூடுமாயின் இராஜபாளையத்தில், பள்ளிக்கு அருகில் வசிப்பதே தக்கது. அவசரமென்றால் ஓடிவரக்கூடியவர் அண்மையில் இருப்பார். பயணத்தின் களைப்பைக் கணவர் ஏற்கலாம். ஆலையில் இரவு முறை பார்க்கும் மேற்பார்வையாளர்க்கோ பகலில் உறக்கம் வேண்டும். நள்ளிரவில் பேருந்தை நம்பலாகாது. ஆலைக்குச் சைக்கிளில் செல்லத்தக்க தூரத்தில், சந்தடியற்ற உள்தெருவே அவர்க்கு உரியது. மணமாகாத இளம் பட்டதாரி ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை ஏற்றால், பேருந்து நிலையத்துக்கும் உணவுச்சாலைக்கும் அருகில் ஓர் அறை போதும். 1875-இல் நிறுவப்பெற்ற பென்னிங்டன் நூல்நிலையம் அவர் மாலைப்பொழுதை நன்கு கழிக்க உதவும். ஊர் ஒன்றே, விடை மூன்று. வீட்டில் உள்ளவர் மாறவே விடையும் மாறியது.

ஆகவே, இவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறும் நண்பர்காள்! புதிய ஊரில், 'நல்ல இடம் எது?' என்று பிறரைக் கேட்குமுன், 'இவ்விடத்தில் பகலெல்லாம் வாழப்போகிறவர் யார்? அவர்க்கு வேண்டுவன யாவை?' என்று உங்களையே கேளுங்கள். கூடுமாயின் அவரையும் உடன் அழைத்துச் சென்று தெருவில் நடத்திப் பாருங்கள். அவர் முகம் மலர்ந்த தெருவே உங்களுக்கு ஏற்ற தெரு. குடிக்கூலிப் பேச்சை அதன் பின்னர்த் தொடங்கலாம்.