சிறு குழந்தைகளுடன் தில்லிச் சுற்றுலா: திட்டமிடும் முறை

இந்தியாவின் தலைநகரான தில்லிக்குக் குடும்பத்துடன் செல்ல நினைப்பவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, பார்க்க வேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதுவதுதான். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்சர்தாம், ஒரு நாள் ஆக்ரா என்று பட்டியல் நீளும். பெரியவர்கள் மட்டும் செல்லும் பயணத்துக்கு இது சரி. இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள குழந்தைகள் உடன் வரும்போது அந்தப் பட்டியல் முதல் நாள் பிற்பகலிலேயே நின்றுவிடும். செங்கோட்டையின் மதில் சுற்றளவு மட்டுமே சுமார் 2.4 கிலோமீட்டர். வாயிலில் பரிசோதனை வரிசை, உள்ளே வெயிலில் நடை, திரும்பவும் அதே தூரம் என்று சேர்த்தால் நான்கு வயதுக் குழந்தை பாதி வழியிலேயே தோளில் ஏறிக்கொள்ளும்.

எனவே குழந்தை எப்போது தூங்கும், எப்போது சாப்பிடும், எவ்வளவு தூரம் நடக்கும் என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்குக் காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுவில் அறைக்குத் திரும்பி ஓய்வு. இதற்கு மேல் சேர்ப்பது பெரும்பாலும் அழுகையில்தான் முடியும்.

எந்த மாதம் செல்வது?

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில் வருவதால் பலரும் அப்போதே பயணச்சீட்டு எடுக்கிறார்கள். தில்லிக்கு இது மிக மோசமான காலம். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது சாதாரணம். 'லூ' எனப்படும் வறண்ட அனல் காற்றும் வீசும். சென்னையின் புழுக்கத்தைப் போல இங்கு வியர்வை உடம்பில் நிற்காது. சட்டென உலர்ந்துவிடும். அதனால் குழந்தையின் உடலில் நீர் குறைவது வெளியே தெரியாது என்பதே இதிலுள்ள ஆபத்து. வேறு வழியில்லாமல் மே மாதம்தான் செல்ல முடியும் என்றால், காலை பத்து மணிக்குள் வெளி இடங்களை முடித்துவிட்டு, மாலை ஐந்து வரை குளிரூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

குளிர்காலத்துக்கு வேறு சிக்கல் உண்டு. அக்டோபர் இறுதி முதல் காற்று மாசு உயரத் தொடங்கும். அண்டை மாநிலங்களில் நெல் அறுவடைக்குப் பின் வயல் தாள்களை எரிப்பது, தீபாவளிப் பட்டாசு, வாகனப் புகை எல்லாம் சேர்ந்து, காற்று அசையாத நாட்களில் நகரத்தின் மேலேயே தங்கிவிடுகின்றன. காற்றுத் தரக் குறியீடு 200க்கு மேல் போனால் 'மோசம்', 300க்கு மேல் 'மிக மோசம்', 400க்கு மேல் 'கடுமை' என்று அரசு வகைப்படுத்துகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் அன்றாட அளவைப் பார்க்கலாம். இழைப்பு, ஆஸ்துமா உள்ள குழந்தையை நவம்பர் முதல் ஜனவரி வரை தில்லிக்கு அழைத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது. முகக்கவசம் மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் பத்து நிமிடம் நிற்பதே பெரிது. அதை நம்பித் திட்டமிட முடியாது. டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் அடர்ந்த மூடுபனியால் இரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாகும். தேங்காய் எண்ணெய் புட்டியிலேயே உறைந்துவிடும் குளிர் அது. குழந்தைகளுக்கு அது வேடிக்கை. குளிப்பாட்டும் பெரியவர்களுக்கு அல்ல.

பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதி வரையே எல்லா வகையிலும் ஏற்ற காலம். குடியரசுத் தலைவர் மாளிகையின் தோட்டமான அம்ரித் உத்யான் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். பள்ளிக்குப் போகாத குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இக்காலத்தைத் தவறவிடக் கூடாது. பள்ளிக் குழந்தைகள் இருந்தால், காலாண்டுத் தேர்வு விடுமுறையை ஒட்டிய அக்டோபர் முதல் வாரம் அடுத்த நல்ல காலம்.

திங்கள்கிழமைச் சிக்கல்

தில்லியில் பல இடங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தேசிய இரயில் அருங்காட்சியகம், பொம்மை அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்சர்தாம் ஆகிய எல்லாம் அன்று மூடியிருக்கும். உயிரியல் பூங்காவுக்கும் ஆக்ராவின் தாஜ் மகாலுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. குதுப் மினாரும் உமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆகவே எந்த நாள் ஊருக்குள் வந்து சேர்கிறோம் என்பதே பயணத்தின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு பத்து மணியளவில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலையில் புது தில்லி சேர்கிறது. சனிக்கிழமை இரவு ஏறினால் திங்கள் காலை வந்துவிடலாம். எல்லாம் மூடியிருக்கும் அந்த நாளைத் தூங்கவும் குளிக்கவும் வைத்துக்கொண்டு, மாலையில் இந்தியா கேட்டுக்கும், அதன் அருகே 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்துக்கும் போகலாம். திறந்த புல்வெளி, ஐஸ்கிரீம் வண்டி, ஓட இடம்: இரண்டு இரவு இரயிலில் அடைந்து கிடந்த குழந்தைக்கு இதைவிட நல்ல முதல் மாலை கிடைக்காது.

இன்னும் இரண்டு தேதிகளைக் கவனிக்க வேண்டும். ஜனவரி மாதத்தில் குடியரசு நாள் ஒத்திகைகளுக்காகக் கடமைப் பாதையைச் சுற்றிய சாலைகள் அடிக்கடி மூடப்படும். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

இரயிலா, விமானமா?

விமானத்தில் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் அமர்ந்து பயணிக்கலாம். வயதுச் சான்று கையில் இருக்க வேண்டும். இரயிலில் ஐந்து வயதுக்குக் கீழ் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள், படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. பாதிக் கட்டணம் மிச்சம் என்று தோன்றினாலும், 33 மணி நேரப் பயணத்தில் ஏழு வயதுப் பிள்ளையுடன் ஒரே படுக்கையில் படுப்பவர் இரண்டு இரவும் தூங்கமாட்டார். படுக்கை எடுத்துவிடுவதே மேல். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. கீழ்ப் படுக்கைகளை அப்போதே கேட்டுப் பெற வேண்டும். போகும்போது இரயில், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்வது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். களைத்துப்போன குழந்தையுடன் இன்னும் இரண்டு இரவு இரயிலில் கழிப்பதுதான் கடினம்.

புது தில்லி நிலையத்தில் இறங்கியதும், 'உங்கள் விடுதி மூடிவிட்டது', 'அந்தப் பக்கம் சாலை அடைப்பு' என்று சொல்லி வேறு இடத்துக்கு அழைத்துப்போகும் தரகர்கள் நெருங்குவார்கள். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் எளிதில் இணங்கிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். விடுதியின் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்திருந்து நேரே பேசிவிடுங்கள். தங்குமிடத்தைப் பொறுத்தவரை, நிலையத்தை ஒட்டிய பஹாட்கஞ்ச் மலிவு. ஆனால் நெரிசலான சந்துகளில் தள்ளுவண்டி நகராது. கரோல் பாக் பகுதியில் மெட்ரோவும் தென்னிந்தியச் சாப்பாடும் பக்கத்திலேயே கிடைக்கும்.

மெட்ரோவில் குழந்தைகளுடன்

2002 டிசம்பரில் தொடங்கிய தில்லி மெட்ரோ, குழந்தைகளுக்கு ஒரு சுற்றுலா இடத்துக்குச் சமம். சுமார் மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தை பெரியவருடன் இலவசமாகச் செல்லலாம். காலை எட்டு முதல் பத்தரை வரையும், மாலை ஐந்தரை முதல் எட்டு வரையும் அலுவலகக் கூட்டம். அந்த நேரத்தில் ராஜீவ் சௌக்கில் வண்டி மாறுவதைத் தவிர்க்கவும். முதல் பெட்டி பெண்களுக்கானது. தாயும் குழந்தையும் அதில் ஏறினால், தந்தை எந்த நிலையத்தில் இறங்குவார் என்பதை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கதவு மூடும்போது ஓடி ஏறக் கூடாது. ஒருவேளை பெரியவர் உள்ளேயும் பிள்ளை நடைமேடையிலும் பிரிந்துவிட்டால் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பெரியவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவார் என்று பழக்கிவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். நகரும் படிக்கட்டில் மெத்தென்ற ரப்பர் செருப்பு ஓரத்தில் சிக்கிக்கொள்ளும் என்பதால், சிறுவர்களை நடுவில் நிறுத்தவும் அல்லது மின்தூக்கியில் செல்லவும்.

மெட்ரோ நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். மத்தியத் தலைமைச் செயலக நிலையத்திலிருந்து இந்தியா கேட் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. குதுப் மினார் நிலையத்திலிருந்தும் ஆட்டோ தேவைப்படும். செங்கோட்டைக்கு மட்டும் 'லால் கிலா' நிலையம் வாசலருகிலேயே உள்ளது.

குழந்தைகளுக்கு எது பிடிக்கும்?

சாணக்கியபுரியில் 1977இல் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகத்தை முதலிடத்தில் வைக்கலாம். பழைய நீராவி எஞ்சின்கள் திறந்த வெளியில் நிற்கின்றன. சுற்றிவரப் பொம்மை இரயில் உண்டு. ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் மற்றொரு சக்கரம் சாலையிலும் ஓடிய பட்டியாலா அரசின் ஒற்றைத் தண்டவாள இரயில், பெரியவர்களையும் நிறுத்திப் பார்க்க வைக்கும். அரை நாள் போதாது என்று பிள்ளைகள் சொல்லும் அரிய இடம் இது.

கேலிச்சித்திரக் கலைஞர் கே. சங்கர் பிள்ளை 1965இல் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் பகதூர் ஷா ஜாஃபர் சாலையில் உள்ளது. உள்ளரங்கம் என்பதால் வெயில் நேரத்துக்கு ஏற்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொம்மைகளைத் தொட முடியாதது மூன்று வயதுக் குழந்தைக்கு வருத்தம் தரலாம்; ஐந்து வயதுக்கு மேல் ரசிப்பார்கள். 1959இல் திறந்த உயிரியல் பூங்கா 170 ஏக்கருக்கு மேல் பரந்தது. மின்கல வண்டியில் ஏறிவிடுவதே அறிவுடைமை. பறவைக் காய்ச்சல் போன்ற காரணங்களால் பூங்கா சில சமயம் மூடப்படுவதுண்டு, விசாரித்துச் செல்லவும்.

நினைவுச்சின்னங்களில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் உமாயூன் கல்லறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் எதிரே, 2018இல் பொதுமக்களுக்குத் திறந்த சுந்தர் நர்சரி என்ற பெரிய பூங்கா இருக்கிறது. காலையில் கல்லறை, பிறகு மர நிழலில் பாய் விரித்துத் தயிர் சாதம் என்று ஒரு நாள் சண்டையில்லாமல் போய்விடும். குதுப் மினாருக்குப் போனால் அதன் மேல் ஏற முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். 1981இல் உள்ளே இருட்டில் ஏற்பட்ட நெரிசலில் 45 பேர் இறந்தனர். பலர் பள்ளிப் பிள்ளைகள். அதன் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயது வரை நுழைவுக் கட்டணம் கிடையாது.

செங்கோட்டைக்கு எதிரே சமணக் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கான மருத்துவமனை இருக்கிறது. கட்டுப் போட்ட புறாக்களைப் பார்த்த குழந்தை ஷாஜகானை மறந்துவிடும். இராமகிருஷ்ணபுரத்தில் 'மலை மந்திர்' என்று தில்லிக்காரர்கள் அழைக்கும் முருகன் கோயில் உண்டு. தமிழ்க் குரல்களைக் கேட்க விரும்பும் தாத்தா, பாட்டியை ஒரு மாலை அங்கே அழைத்துச் செல்லலாம்.

அக்சர்தாமுக்குள் கைப்பேசி, பை எதுவும் அனுமதியில்லை. கூட்டத்தில் பிரிந்தால் ஒருவரையொருவர் அழைக்க வழியில்லை என்பதை மனத்தில் வைத்து, நுழைந்தவுடனே சந்திக்கும் இடம் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆக்ராவைப் பொறுத்தவரை, ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தையுடன் ஒரே நாளில் போய்வருவதைவிட, அங்கே ஓர் இரவு தங்குவது நல்லது. நிஜாமுதீனிலிருந்து செல்லும் கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் நூறு நிமிடத்தில் சேர்த்துவிடும். அதுவும் வெள்ளிக்கிழமை ஓடாது.

உணவும் மொழியும்

சிறு குழந்தைகளுக்குத் தில்லிச் சாப்பாட்டில் பெரிய தடை காரமும் எண்ணெயும்தான். 'மிர்ச்சி மத் டாலியே' என்றால் மிளகாய் போடாதீர்கள் என்று பொருள். 'கரம் பானி' வெந்நீர், 'தூத்' பால், 'தஹி' தயிர். இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் பாதிப் பசி தீர்ந்துவிடும். தெருவோரக் கோல்கப்பாவின் தண்ணீர் குழந்தை வயிற்றுக்கு ஆகாது. வெந்நீர்க் குடுவை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், மருத்துவர் எடைக்கேற்பச் சொன்ன காய்ச்சல் மருந்து ஆகியவை அறையில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும்.

மொழியால் வரும் இன்னொரு ஆபத்தைப் பலர் நினைப்பதில்லை. சென்னைக் கடற்கரையில் காணாமல்போகும் குழந்தை அழுதுகொண்டே பெயரைச் சொன்னால் அருகிலிருப்பவருக்குப் புரியும். சாந்தினி சௌக்கில் புரியாது. தமிழ் மட்டும் பேசும் குழந்தை என்பதையும், பெற்றோர் இருவரின் கைப்பேசி எண்களையும், விடுதியின் பெயரையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒவ்வொரு குழந்தையின் சட்டைப் பைக்குள்ளும் வைத்துவிடுங்கள். இந்தியில் எழுத விடுதி வரவேற்பாளர் உதவுவார். குழந்தையின் பெயரைச் சட்டையின் வெளியே தெரியும்படி எழுத வேண்டாம். பெயர் சொல்லி அழைப்பவரை அது நம்பிவிடும். தினமும் கிளம்பும்முன் அன்றைய உடையுடன் ஒரு படம் எடுத்துக்கொண்டால், தேடும்போது என்ன நிறச் சட்டை என்று பதறத் தேவையில்லை. அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.