கடைக்கு ஓர் இணையதளம்: கருவியைத் தேர்வதற்கு முன்

பெங்களூரு சிக்பேட்டையில் பட்டுச்சேலை விற்பவரும், எஸ்.பி. சாலையில் மின்னணு உதிரிபாகம் விற்பவரும் இன்று ஒரே கேள்வியை எழுப்புகின்றனர். கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும். அதை எதைக் கொண்டு அமைப்பது? ஆலோசனை கூறுவோருக்குப் பஞ்சமில்லை. ஒருவர் வேர்ட்பிரஸ் என்பார், மற்றொருவர் ஷாப்பிஃபை என்பார், மூன்றாமவர் தாமே புதிதாக எழுதித் தருவதாகச் சொல்வார். கடன் வாங்கித் தொழில் நடத்தும் ஒருவருக்கு இது சிறிய முடிவன்று. ஆகவே இவ்விதழில் அது குறித்துச் சற்று விரிவாகப் பார்க்கிறோம்.

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று கணினித் துறையினர் அழைப்பது, எளிமையாகச் சொன்னால், தளத்தின் தோற்றத்தையும் அதில் உள்ள சரக்கையும் தனித்தனியே வைத்திருக்கும் ஏற்பாடு. கடையின் அலமாரியைத் தச்சர் ஒருமுறை செய்து தருகிறார். அதில் எந்தச் சேலையை எங்கே அடுக்குவது என்பதைக் கடைக்காரரே நாள்தோறும் முடிவு செய்கிறார் அல்லவா, அதைப் போன்றது. இத்தகைய ஏற்பாடு இல்லாத தளத்தில் ஒரு விலையைத் திருத்துவதற்கும் நிரலாளரை அழைக்க வேண்டியிருக்கும்.

இலவசமாகக் கிடைக்கும் திறமூல அமைப்புகளுள் மூன்று பெயர் பெற்றவை: 2001இல் வெளிவந்த துருபல், 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2005இல் பிறந்த ஜூம்லா. ‘அனைவரும் சேர்ந்து’ என்னும் பொருள்படும் சுவாகிலிச் சொல்லிலிருந்து ஜூம்லா என்ற பெயர் வந்தது. உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்ட்பிரஸ் கொண்டே இயங்குகின்றன. அதனால் அதை அறிந்த பணியாளர் கிடைப்பது எளிது. சிறு கடைக்கு இந்த ஒரு காரணமே பெரும்பாலும் போதும் என்பது நம் கருத்து.

ஆனால் இலவசம் என்பது மென்பொருளுக்கு மட்டுமே. பராமரிப்புக்குச் செலவு உண்டு. 2014 அக்டோபர் 15 அன்று துருபல் 7 பதிப்பில் கண்டறியப்பட்ட கடுமையான ஓட்டை ஒன்றுக்கான திருத்தம், இந்திய நேரப்படி இரவு 9.30 மணிக்கு வெளியானது. இரண்டு வாரம் கழித்துத் துருபலின் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது: அறிவிப்பு வெளியான ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் செய்யாத தளம் ஒவ்வொன்றும் ஊடுருவப்பட்டதாகவே கருதிச் செயல்படுங்கள் என்பது அதன் சாரம். அந்தக் கெடு நமக்கு விடியற்காலை 4.30 மணி. கடையைப் பூட்டிவிட்டு உறங்கச் சென்ற வணிகர் ஒருவர், கண் விழிக்கும் முன்பே காலம் தாழ்த்தியவராகிவிட்டார். ‘புதுப்பித்தலை யார் செய்வார், எவ்வளவு விரைவில் செய்வார்?’ என்ற கேள்வியை எந்தக் கருவி என்பதற்கு முன்னரே கேட்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று சேர்க்கும் ஒவ்வொரு செருகுநிரலும் காவல் காக்க வேண்டிய இன்னொரு கதவு.

இந்தக் கவலை வேண்டாம் என்போர் மாத வாடகைச் சேவைகளை நாடலாம். புதுப்பித்தல், காப்புநகல் ஆகியவற்றைச் சேவை நிறுவனமே கவனித்துக்கொள்ளும். ஆயினும் வாடகை வீட்டுக்குரிய இடர் இங்கும் உண்டு. இலட்சக்கணக்கானோர் பக்கங்கள் அமைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாகூ நிறுவனம் 2009 அக்டோபர் 26 அன்று மூடியது நினைவிருக்கலாம். எனவே பொருள் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், கட்டுரைகள் ஆகியவற்றை முழுமையாகக் கோப்பாக வெளியே எடுக்க இயலுமா என்பதை முன்பணம் செலுத்தும் முன் சோதித்துப் பாருங்கள். இயலும் என்ற வாய்மொழி உறுதி போதாது. பத்துப் பொருள்களை ஏற்றி, பதிவிறக்கியே பார்த்துவிட வேண்டும்.

தளத்தின் முகவரிப் பெயர் யார் பெயரில் பதிவாகிறது என்பது இதனினும் முக்கியம். தளம் அமைத்துத் தருபவரே தம் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. பின்னாளில் மனத்தாங்கல் ஏற்பட்டால், பல ஆண்டுகள் உழைத்து ஈட்டிய பெயர் பிறர் கையில் சிக்கிக்கொள்ளும். முகவரிக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வங்கித் துறையே காட்டுகிறது. போலித் தளங்களைத் தடுக்கும் பொருட்டு, வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31க்குள் ‘.பேங்க்.இன்’ என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. அவற்றைப் பதிவு செய்யும் உரிமையும் ஐ.டி.ஆர்.பி.டி. நிறுவனத்துக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

பெங்களூருக்கே உரிய மற்றொரு தேவை மொழி. கன்னடம், தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, உருது என ஒரே கடையில் ஐந்து மொழி ஒலிக்கும் நகரம் இது. இந்நகரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம், 24 மொழிகளில் 800 சிறுவர் கதைகளுடன் வெளிவந்தது. வாசகர்களே கதைகளை மொழிபெயர்த்துச் சேர்க்க அதில் வழி உண்டு. முதல் நாளிலேயே பல மொழிகளை மனத்தில் கொண்டு அமைத்ததன் பயன் அது. கடைக்கு அத்தனை மொழி வேண்டாம். ஆனால் இரண்டாம் மொழி பின்னர் வரும் என்றால் அதற்கான இடத்தை இப்போதே ஒதுக்குவது மலிவு. துருபல் 8 முதல் இவ்வசதி அடிப்படை அமைப்பிலேயே உள்ளது. வேர்ட்பிரஸில் செருகுநிரல் தேவைப்படும். தோற்ற வடிவத்தைத் தேர்வு செய்யும்போது ‘கௌரி’, ‘ஸ்ரீ’, ‘மொத்தம்’ போன்ற சொற்களைத் தட்டச்சு செய்து, கைபேசித் திரையிலும் சிதையாமல் தெரிகின்றனவா என்று காண்க. பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

பணம் பெறும் பகுதியில் புதுமை வேண்டாம். அட்டை வழங்கிய வங்கியும் அட்டை வலையமைப்பும் தவிர வேறு எவரும் அட்டை எண்களைச் சேமிக்கலாகாது என்ற விதி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகையால் கட்டணத்தை அங்கீகாரம் பெற்ற கட்டண நுழைவாயிலின் பக்கத்திலேயே பெறுவது நல்லது. யு.பி.ஐ. கட்டத்தைப் படமாக ஏற்றி வைத்திருப்போர் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் ஒருவன் கையில் கிடைத்தால், தளத்தில் எதையும் குலைக்காமல் அந்த ஒரு படத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போகலாம். சரக்கு உங்களுடையது, பணம் அவனுடையது. வாரம் ஒருமுறை நீங்களே ஒரு ரூபாய் செலுத்தி, அது உங்கள் கணக்கில் வரவாகிறதா என்று பாருங்கள். நிர்வாகக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பையும் இயக்கி வையுங்கள்.

தளம் அமைப்பவரிடம் இறுதித் தவணையைக் கொடுக்கும் நாளில் மூன்று கடவுச்சொற்கள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்: முகவரிப் பதிவுக்கு ஒன்று, வழங்கிக்கு ஒன்று, தள நிர்வாகத்துக்கு ஒன்று. வாங்கியவுடன் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு, காப்புநகலிலிருந்து தளத்தை வேறோர் இடத்தில் மீட்டெடுத்துக் காட்டுமாறு கேளுங்கள். அரை நாள் வேலைதான். அதைச் செய்து முடித்த பின்னர் காசோலையில் கையெழுத்திடலாம்.